தணிகைக்குக் கிழக்கே பதினைந்து லட்சம் ஆண்டுகள்

திருத்தணிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஊர் என்றால் 365 படிகள்தான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வருகிறார்கள். டிசம்பர் 31 இரவு படிக்குப் படி சூடம் ஏற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுகிறார்கள். தரிசனம் முடிந்ததும் கிடைத்த பஸ்ஸைப் பிடித்துச் சென்னைக்கோ திருப்பதிக்கோ கிளம்பிவிடுகிறார்கள். மலைமேல் நின்று நாலு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

தணிகை மலையின் இருபுறமும் குன்றுகள் தொடர்கின்றன. ஒன்று வெளுத்திருக்கும், மற்றது கறுத்திருக்கும். வெளுத்ததைப் பச்சரிசி மலை என்றும் கறுத்ததைப் பிண்ணாக்கு மலை என்றும் ஊரில் சொல்வார்கள். புவியியல் மாணவர்களும் முதல் வகுப்பில் கற்றுக்கொள்வது ஏறக்குறைய இதைத்தான். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் மிகுந்த பாறை வெளிறித் தெரியும். இரும்பும் மக்னீசியமும் சேர்ந்த கனிமங்கள் கூடக் கூடப் பாறை கறுக்கும்.

வானம் தெளிந்திருந்தால் வடக்கே நகரி மலைகள் தெரியும். அவற்றில் ‘நகரி மூக்கு’ என்ற முகடு, வங்கக் கடலில் வந்த பழைய கப்பல்காரர்களுக்கு அடையாளக் குறியாக இருந்தது. கிழக்கே எண்ணூர்க் கடற்கரை நேர்கோட்டில் ஏறத்தாழ 80 கி.மீ. அந்த மலைக்கும் இந்தக் கடலுக்கும் நடுவே கிடக்கும் நிலத்தில்தான், இந்தியாவில் மனித இனம் வாழ்ந்ததற்கான மிகப் பழைய தடயங்களில் ஒன்று இருக்கிறது. படியேறி வரும் பக்தர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டால், சுற்றுலாத் துறைக்கும் சேர்த்துத்தான் சங்கடம்.

நகரி மலையின் கல் குவார்ட்சைட். ஒரு காலத்தில் ஆழமில்லாத கடலோரத்தில் படிந்த குவார்ட்ஸ் மணல் அது. மணல் இறுகி மணற்கல் ஆனது. மணிகளுக்கு இடையே சிலிக்கா புகுந்து எல்லாவற்றையும் ஒரே கட்டியாகப் பிணைத்தது. சாதாரண மணற்கல்லை உடைத்தால் மணிகளைச் சுற்றிக்கொண்டு விரிசல் ஓடும், விளிம்பு பொலபொலவென்று உதிரும். குவார்ட்சைட்டில் விரிசல் மணிகளையே பிளந்துகொண்டு போகும், அதனால் விளிம்பு கூராக நிற்கும். இந்த ஒரு குணத்தை மறந்துவிடாதீர்கள். கதை முழுக்க இதை நம்பித்தான் நடக்கிறது.

இந்தக் கல்லின் வயதை உணர வேண்டுமானால் திருப்பதி போகும் வழியில் திருமலை மலைப்பாதையில் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். சாலைக்காக வெட்டிய சரிவில், கீழே 200 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கருங்கல், அதன் தலைமேல் நேராக அடுக்கடுக்காய்க் குவார்ட்சைட். இரண்டுக்கும் நடுவே வரவேண்டிய ஐம்பது கோடிக்குக் குறையாத ஆண்டுகளின் பாறை அங்கே இல்லவே இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இந்த இடைவெளியைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. கோவிந்தா சொல்லிக்கொண்டு போகும் பஸ்களில் அதைக் கவனிப்பவர்கள் குறைவு.

கைலாசகோனா அருவிக்கும் காரணம் இதே கல்தான். நாராயணவனம் பக்கம் இருக்கும் அந்த அருவி கோடையிலும் முழுவதும் வற்றுவதில்லை என்று பெயர் எடுத்தது. குவார்ட்சைட் தண்ணீரை உறிஞ்சாது, ஆனால் அதில் ஏராளமான வெடிப்புகள் உண்டு. மழைநீர் அவற்றில் இறங்கித் தங்கி, பாறைச் சுவர் முடியும் இடத்தில் மெல்ல வெளியே வருகிறது.

சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்து கிழக்குக் கடற்கரை உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், வேகமான ஆறுகள் இந்த மலைக் கற்களை உருட்டிக்கொண்டு கிழக்கே வந்தன. வந்த வழியில் முனை மழுங்கிக் கூழாங்கற்களாகி, சத்தியவேடு, அல்லிக்குழி பகுதிகளில் குவிந்து, மண்ணோடு இறுகி மீண்டும் பாறையாயின. கடலும் அப்போது இன்றைவிட உள்ளே வந்திருந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளில் கடல் உயிரினங்களின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. மாநில எல்லை வந்ததெல்லாம் வெகு பிற்பாடு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தது, ம.பொ.சி. முதலானவர்கள் போராடிப் பெற்றது அது. நகரி ஆந்திரத்திலேயே தங்கிவிட்டது. ஆனால் நகரிப் பக்கத்துக் கல் எல்லைக் கமிஷனுக்கெல்லாம் வெகு காலம் முன்பே நம் பக்கம் வந்து சேர்ந்திருந்தது.

அந்தக் கூழாங்கல் பாறையைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் பூண்டிக்கு அருகே உள்ள குடியம் குகைக்குப் போகவேண்டும். காட்டுப் பாதையில் நடந்துதான் போக முடியும். குகை என்பதைவிடப் பாறைக் கூரை என்பது பொருத்தம். முன்பக்கம் திறந்து, மேலே பெரிய பாறை குடைபோல நீண்டிருக்கிறது. சுவரில் முட்டை அளவு, தேங்காய் அளவு உருண்டைக் கற்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. உற்றுப் பார்த்தால் சில கற்கள் கழன்று விழுந்த குழிகளும் தெரியும். கீழே அந்தக் கற்கள் சிதறிக் கிடக்கும். கல்லாயுதம் செய்கிறவனுக்கு இதைவிட வசதியான பட்டறை எங்கே கிடைக்கும்? 1960-களின் தொடக்கத்தில் இங்கே நடந்த அகழாய்வில் கற்கருவிகள் கிடைத்தன.

இங்கிருந்து சில கி.மீ. தொலைவில், கொசஸ்தலை ஆற்றுப் பக்கம், அத்திரம்பாக்கம். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று வில்லியம் கிங்குடன் இங்கே வந்தார். இருவரும் புவியியல் ஆய்வுத் துறை அதிகாரிகள். அப்போது ஐரோப்பாவிலேயே மனிதனின் தொன்மை பற்றிய சண்டை ஓயவில்லை. பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் கைக்கோடரிகளைப் பார்க்கலாம். கண்ணீர்த் துளி வடிவம், உள்ளங்கை நிறையும் அளவு. இரண்டு முகத்திலும் செதில் பெயர்ந்த பள்ளங்கள், ஒவ்வொரு பள்ளத்திலும் சிப்பியின் உட்புறம்போல மெல்லிய வளைவுகள். ஒவ்வொன்றும் ஓர் அடி. எங்கே அடித்தால் எவ்வளவு பெயரும் என்று முன்கூட்டியே தெரிந்த கை அடித்த அடி.

1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் சர்மா மரபுக் கல்வி மையத்தின் சார்பில் இங்கே தோண்டினார்கள். அத்திரம்பாக்கத்தில் அடியில் இருப்பது களிமண். ஆயுதம் செய்யும் பெரிய கல் அந்த இடத்தில் கிடையாது. ஆகவே அந்த மனிதர்கள் கல்லை வேறிடத்தில் பெரிய செதில்களாக உடைத்து, இங்கே தூக்கி வந்து செதுக்கி முடித்திருக்கிறார்கள். நாளைக்குத் தேவை என்று இன்றைக்கே சுமந்து வந்தவர்கள்!

காலத்தைக் கணித்த விதம் இன்னும் அழகு. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் தரைமேல் கிடக்கும் குவார்ட்ஸைத் தாக்கும்போது அதற்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க அணுக்கள் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் உண்டாகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது; புதிதாக எதுவும் உண்டாகாது, இருப்பது சிதையும். அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும். பெரிலியத்துக்கு அதைப்போல இரு மடங்கு காலம் ஆகும். இன்று மிஞ்சியிருக்கும் விகிதத்தை அளந்தால், கல் புதைந்து எவ்வளவு காலமாயிற்று என்று சொல்லிவிடலாம். வெட்டுவதற்கு விளிம்பைக் கொடுத்த குவார்ட்ஸே கடிகாரமாகவும் ஓடியிருக்கிறது. 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த முடிவு: சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள். களிமண்ணில் பதிந்திருந்த பூமியின் காந்தத் திசை இன்றைக்கு நேர் எதிராக இருந்ததால், எப்படியும் 10.7 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியது என்பதும் தனியாக உறுதியாயிற்று.

2018-ல் ‘நேச்சர்’ இதழில் அடுத்தது. அதே இடத்தில் மேலடுக்குகளில் பெரிய கைக்கோடரிகள் குறைந்து, திட்டமிட்டுப் பெயர்த்த சிறிய கருவிகள் வருகின்றன. அந்த மாற்றம் தொடங்கியது ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன். இந்தியாவில் இந்தத் தொழில்நுட்பம் வெகு பின்னால்தான், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நவீன மனிதர்களோடு வந்தது என்ற எண்ணத்துக்கு இது பெரிய இடி. செய்தவர்கள் யார்? மனித எலும்பு எதுவும் அங்கே அகப்படவில்லை. விலங்குப் பற்களும் குளம்புத் தடங்கள் போன்ற பதிவுகளும் மட்டும் உண்டு.

திருத்தணியின் நந்தி ஆறும் நகரி ஆறும் கொசஸ்தலையில் சேர்கின்றன. 1944-ல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கம் அதை மறிக்கிறது. 3,231 மில்லியன் கன அடி கொள்ளும், சென்னைக்குக் குடிநீர் தரும். மலையிலிருந்து உருளும் கல்லுக்கும் மணலுக்கும் கடல் பயணம் இப்போது பெரும்பாலும் இங்கேயே முடிகிறது. ஆறு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைத் தொடும். அதற்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் குளிர்காலத்தில் பூநாரைகள் கூடும்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். குடியம் காப்புக் காட்டுக்குள் இருக்கிறது, வனத் துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள். பாறைக் கூரையில் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். புகையும் கூச்சலும் கூடாது. பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். பள்ளிகளுக்கும் இதையே சொல்வேன். தீம் பார்க்கை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். அத்திரம்பாக்கத்தில் கண்ணுக்குக் கிடைப்பது வெறும் மேட்டு நிலம்தான், அதனால் பூண்டி அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிடுங்கள். வழியில் செதுக்கிய கல் ஒன்று தென்பட்டால் எடுக்காதீர்கள். அது எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் சான்று. வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அதன் வயதை யாராலும் சொல்ல முடியாது. இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, அருங்காட்சியகத்தில் சொல்லிவிட்டு வாருங்கள்.