திருடுபோன கிட்டார்களும் பூஜ்யம் வாங்கிய ஆல்பமும்

1999 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் நகரில் ஒரு லாரி களவு போனது. உள்ளே சோனிக் யூத் குழுவின் கிட்டார்களும் மற்ற இசைக் கருவிகளும் இருந்தன. வேறு ராக் குழுவாக இருந்தால், கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கிக்கொண்டு பழைய பாட்டுகளையே வாசித்திருக்கும். இவர்களுக்கு அது அத்தனை சுலபமில்லை.

காரணம், அந்தக் கிட்டார்கள் கடையில் கிடைக்கிற சரக்கு அல்ல. 1981இல் நியூயார்க்கில் குழு தொடங்கியபோது கையில் காசு கிடையாது. மலிவாகக் கிடைத்த பழைய கிட்டார்களை வாங்கினார்கள். வழக்கமான சுருதியில் அவை சொன்னபடி கேட்கவில்லை. சரி, சுருதியையே மாற்றிவிடுவோம் என்று இறங்கினார்கள். ஆறு தந்திகளில் நான்கை ஒரே ஸ்வரத்துக்கு முறுக்குவார்கள். தந்திக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரையோ டிரம் குச்சியையோ செருகி, கிட்டாரை மணிபோல் ஒலிக்க வைப்பார்கள். இந்தப் பாட்டுக்கு இந்தக் கிட்டார் என்று ஆகிப்போனது. இரைச்சலையே இசையின் கச்சாப்பொருளாகக் கொள்ளும் நாய்ஸ் ராக்கில் இவர்களுக்குத் தனி இடம் கிடைத்தது இப்படித்தான். 1988இல் வந்த ‘டேட்ரீம் நேஷன்’ ஆல்பத்தை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது.

ஆக, லாரியோடு பாட்டுகளும் போயின. ஸ்டூடியோவில் மூலையில் கிடந்த பழைய கிட்டார்களை எடுத்துத் தூசி தட்டி, இசைக் கலைஞர் ஜிம் ஓரூர்க்கையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு உருவாக்கிய ஆல்பம் ‘என்ஒய்சி கோஸ்ட்ஸ் அண்ட் ஃபிளவர்ஸ்’. 2000 மே மாதம் வெளியானது. மொத்தம் எட்டே பாட்டு.

ரசிகர்கள் ஆவலாய்ப் போட்டுக் கேட்டார்கள். பாய்ந்து வரும் கிட்டார் அலையை எதிர்பார்த்த காதுக்கு, ஐம்பதுகளின் அமெரிக்க பீட் கவிஞர்களின் சாயலில் பாதி பேச்சும் பாதி முணுமுணுப்புமாக ஏதோ வந்து விழுந்தது. பிட்ச்ஃபோர்க் இசை இதழ் பத்துக்கு 0.0 மதிப்பெண் போட்டது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் புள்ளி வைத்து இன்னொரு பூஜ்யம். வன்மம் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த ஏமாற்றம் முழுக்க அநியாயமும் அல்ல. குழுவில் பாடும் தர்ஸ்டன் மூரும் கிம் கார்டனும் வார்த்தைகளைத் துண்டு துண்டாக உதிர்க்கும் சில இடங்கள் இன்றைக்கும் பாவனையாகவே படுகின்றன. ஆனால், ஆல்பத்தின் பெயரையே தாங்கிய பாட்டு வேறு ரகம். குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞர் லீ ரனால்டோ தாழ்ந்த குரலில் கவிதை சொல்லத் தொடங்குகிறார். பின்னால் கிட்டார்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. ஏறத்தாழ எட்டு நிமிடத்தில் அது பேரிரைச்சலாக வளர்ந்து, அவர் குரலை விழுங்கிவிடுகிறது. ‘டேட்ரீம் நேஷ’னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்கள் தேடியது இதைத்தான். என்ன செய்வது, ஆல்பத்தில் அது ஏழாவது பாட்டு. அதற்குள் எத்தனை பேர் அணைத்துவிட்டுப் போனார்களோ!