ஒரு மண்டபம், பல ஒளிகள்

கோயம்புத்தூருக்கு மேற்கே நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது பேரூர்ப் பட்டீசுவரர் கோயில். ‘மேலைச் சிதம்பரம்’ எனப் போற்றப்படும் இத்தலத்தின் கனகசபை, 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் காலத்தில் எழுப்பப்பட்டது. யானையின் தோலை உரித்துப் போர்த்த சிவன், ஊர்த்துவ தாண்டவர், காளி, வீரபத்திரர் முதலிய திருவுருவங்கள் ஆளுயரத்தை விஞ்சி அதன் தூண்களில் நிற்கின்றன. அண்ணாந்து நோக்கினால் கூரையில் கல்லால் ஆகிய தாமரையும் சங்கிலியும் தெரிகின்றன. இத்தகைய மண்டபம் முழுவதையும் ஒரே படத்துள் அடக்குவது எவ்வாறு? ஒளிப்படக்கலையின் கடினமான பணிகளுள் ஒன்று இது.

அகல்காட்சிப் படம்

ஓரிடத்தில் நின்று சுற்றிலும் நோக்கினால் கிட்டும் காட்சியைப் பிளவின்றிக் காட்டும் படம் ‘பனோரமா’ எனப்படும். ‘முழுக்காட்சி’ என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அப்பெயர் பிறந்தது. இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர், வட்டமான சுவரில் நாற்புறக் காட்சியையும் தீட்டிக் காட்டும் முறைக்கு 1787ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஒளிப்படக் கருவி தோன்றுவதற்கு முன்னரே அகல்காட்சி தோன்றிவிட்டது. தமிழில் இதனை அகல்காட்சிப் படம் எனலாம்.

கட்டடத்தின் உட்புறத்தில் பின்வாங்கி நிற்க இடம் கிடைப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், 1931ஆம் ஆண்டில் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்த சோழர்கால ஓவியங்கள் உள்ளன. ஓவியச் சுவருக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே உள்ள வழி மிகக் குறுகியது. அத்தகைய இடங்களில் பகுதி பகுதியாகப் படமெடுத்துப் பின்னர் கணினியில் இணைப்பதே தக்க வழியாகும். அகல்காட்சிப் படமும் அவ்வாறே உருவாகிறது.

கண்ணும் கருவியும்

துணிக்கடையில் குழல்விளக்கின்கீழ்த் தேர்ந்தெடுத்த சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பது நம் மக்களின் வழக்கம். திருப்பூரின் பின்னலாடைத் தொழிலகங்களில் சாயமேறிய துணியைப் பல்வகை விளக்குகள் பொருத்திய பெட்டியுள் வைத்து நிறப்பொருத்தம் காண்கின்றனர். ஒளி மாறினால் நிறமும் மாறித் தோன்றும் என்பதை அவர்கள் தொழில்வழி அறிந்துள்ளனர்.

ஒளியின் நிறத்தைக் ‘கெல்வின்’ என்னும் அலகால் அளக்கின்றனர். இதற்கு நிற வெப்பநிலை என்று பெயர். எண்ணெய் விளக்கின் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின். பழைய மின்குமிழ் ஏறத்தாழ 2700. நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500. வெண்ணிறக் குழல்விளக்கு 6500 வரை. எண் குறையக் குறைய ஒளி செம்மஞ்சளாகவும், கூடக் கூட நீலம் சார்ந்ததாகவும் இருக்கும். நிழல் படிந்த முற்றத்தில் விழும் வான்வெளிச்சம் இவற்றைவிடவும் நீலமானது.

கண்ணும் மூளையும் இவ்வேறுபாட்டைப் பெரிதும் சரிசெய்துகொள்கின்றன. வாசலிலிருந்து கருவறை நோக்கி நடப்பவருக்கு வெள்ளை வேட்டி எங்கும் வெள்ளையாகவே தோன்றும். கருவி அவ்வாறு சரிசெய்துகொள்வதில்லை. வாசலருகே உள்ள தூண் நீலமாகவும், விளக்கருகே உள்ள தூண் செம்மஞ்சளாகவும், குழல்விளக்கின்கீழ் உள்ள தூண் சற்றே பச்சையாகவும் ஒரே படத்தில் பதிந்துவிடும். மூன்றும் ஒரே கல் என்று பார்ப்பவர் நம்புவது அரிது.

ஒரே அளவுகோல்

நிறத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி இன்றைய கருவிகளில் உள்ளது. இதனை வெண்சமநிலை என்பர். தனிப்படத்திற்கு உதவும் இவ்வசதி, அகல்காட்சிப் படத்திற்கு இடையூறாகிறது. ஒவ்வொரு பகுதியையும் எடுக்கும்போது கருவி புதிதாக ஒரு முடிவுக்கு வரும். வாசலை நோக்கும்போது ஒளியைக் குறைக்கும். இருண்ட மூலையை நோக்கும்போது கூட்டும். அப்பகுதிகளை இணைத்தால் ஒட்டுப்போட்ட துணிபோல் பொருத்துவாய்கள் வெளிப்படும். ஒரே நெற்குவியலை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு படியால் அளந்து கணக்கிட்டதற்கு ஒப்பானது அது.

ஆதலின் தானியங்கு அமைப்புகள் அனைத்தையும் நிறுத்திவிடுதல் முதற்கடமை. வெண்சமநிலை, ஒளித்துளையின் அளவு, குவியம், ஒளியுணர்திறன் ஆகியவற்றை ஒருமுறை தீர்மானித்து, முதற்படம் முதல் இறுதிப்படம் வரை மாற்றாதிருத்தல் வேண்டும். சாம்பல்நிற அட்டை ஒன்றை மண்டபத்தின் ஒவ்வோர் ஒளிப்பகுதியிலும் வைத்து ஒரு சான்றுப்படம் எடுத்துக்கொண்டால், பின்னர் நிறம் திருத்துகையில் அது துணைநிற்கும். சுருக்கப்படாத மூலக்கோப்பாகவே படங்களைச் சேமித்தல் நன்று.

முக்காலியும் சுழல்மையமும்

இயற்பியல் பாடத்தில் பயிலும் ‘இடமாறு தோற்றப் பிழை’ இங்கும் எதிர்ப்படுகிறது. கருவியைத் திருப்பும்போது லென்சும் இடம்பெயர்ந்தால், அருகிலுள்ள தூணுக்கும் அதன் பின்னுள்ள தூணுக்கும் இடையிலான தோற்றம் படத்திற்குப் படம் மாறிவிடும். தூண்கள் நிறைந்த மண்டபத்தில் இப்பிழை உடனே புலப்படும். எனவே, ஒளி உட்புகும் புள்ளியை மையமாகக் கொண்டு லென்ஸ் சுழலும்படி முக்காலியின் தலைப்பகுதியை அமைத்தல் வேண்டும்.

அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்கேனும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துதல் நலம். லென்ஸ் ஒருமுறைக்கு 60 பாகை அகலத்தைக் காணுமெனில், 40 பாகைக்கு ஒரு படமாக, 360 பாகைச் சுற்றுக்கு 9 படங்கள் தேவைப்படும். கூரையையும் தரையையும் சேர்க்க மேலும் கீழும் தனிச்சுற்றுகள் வேண்டும்.

வெயிலும் இருளும்

வாசலில் கண்கூசும் வெயில். உள்ளே தூணின் மடிப்பில் இருள். இவ்விரண்டையும் ஒரே பதிவில் காட்டும் ஆற்றல் கருவிக்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே ஒவ்வொரு திசையிலும் ஒளியளவை மாற்றி மூன்று படங்கள் எடுக்கின்றனர். சான்றாக, கால் நொடி, ஒரு நொடி, நான்கு நொடி எனத் திறப்புநேரத்தை மட்டும் மாற்றுவர். முதலாவது வெயிலையும், மூன்றாவது இருளையும், இடைப்பட்டது எஞ்சியவற்றையும் காக்கும். எல்லாத் திசைகளிலும் இதே மூன்று அளவுகளைப் பின்பற்றுவதால் ஒரே அளவுகோல் என்னும் நெறி பிறழ்வதில்லை. மேற்கூறிய 9 படங்கள் இவ்வாறு 27 ஆகின்றன.

திறப்புநேரத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. நம் நாட்டின் மாறுதிசை மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உடையது. அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. மிக விரைவாகப் படமெடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழக்கூடும். திறப்புநேரம் ஐம்பதில் ஒரு நொடியோ அதனினும் மிகுதியாகவோ இருப்பின் இக்குறை பெரிதும் நீங்கும்.

காலத்தைத் தேர்வதும் ஒரு கலை. அந்திப்பொழுதில் வெளியொளி தணிந்து உள்விளக்கின் அளவை நெருங்குகிறது. அப்போது ஒளியளவின் ஏற்றத்தாழ்வு குறையும்; ஆயினும் வானொளி விரைந்து மங்குவதால் பணியையும் விரைந்து முடித்தல் வேண்டும். உரியவர்களிடம் கேட்டுக் குழல்விளக்குகளை மட்டும் சிறிது நேரம் அணைக்க இயலுமாயின், கலந்த ஒளிகளுள் ஒன்று குறையும். கணினியில் பல மணிநேரம் உழைப்பதைக் காட்டிலும் இது எளிது.

> தெரிந்து தெளிவோம்
> கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும், பின்னர் பட்சிராஜா ஸ்டுடியோவும் திரைப்படங்களை உருவாக்கின. படப்பிடிப்புத் தளத்தில் ஒளி கருவியின் தேவைக்கேற்ப அமைக்கப்படும். தொன்மையான மண்டபத்திலோ, அங்குள்ள ஒளிக்கேற்பக் கருவியே இணங்கிச் செல்ல வேண்டும்.

எதைத் திருத்துவது, எதை விடுவது?

பலநிற ஒளியை ஒரே வெண்சமநிலையால் சீர்செய்ய இயலாது. வாசற்பகுதியைச் சரிசெய்தால் விளக்குப்பகுதி மேலும் சிவக்கும்; விளக்குப்பகுதியைச் சரிசெய்தால் வாசல் மேலும் நீலமாகும். எனவே மூலக்கோப்பைப் பகல் ஒளிக்கு ஒருமுறையும் விளக்கொளிக்கு ஒருமுறையுமாக உருவாக்கி, அந்தந்தப் பகுதிக்குரியதை மட்டும் கணினியில் மென்மையாகக் கலக்கின்றனர்.

இங்குப் படமெடுப்பவரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. குழல்விளக்கு கல்லின்மீது ஏற்றிய பச்சைச்சாயல் கல்லுக்கு உரியதன்று, அதனை நீக்கலாம். எண்ணெய் விளக்கின் செம்மஞ்சள் அவ்விடத்தின் இயல்பு. அதனை அடியோடு நீக்கினால் சந்நிதி அலுவலகக் கூடம்போல் ஆகிவிடும். சிற்பத்தின் சிதைந்த விரலைக் கணினியில் வளர்ப்பதும், கரி படிந்த கூரையைத் தூய்மையாக்கிக் காட்டுவதும் திருத்தம் ஆகா, அவை பொய்ப்பதிவுகளாகும்.

சான்றாகும் படம்

1955ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களில் பதிவுசெய்துள்ளது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவாடப்பட்ட நடராசர் செப்புத்திருமேனி, ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014ஆம் ஆண்டில் தாயகம் திரும்பியது. அதனை அடையாளங்காண அந்நிறுவனத்தின் பழைய படங்கள் சான்றாயின. அழகுபடுத்தும் நோக்கில் அப்படங்கள் மாற்றப்பட்டிருப்பின், அத்திருமேனியின் உருவ அடையாளங்களை ஒப்பிட்டு உறுதிசெய்ய அவை உதவியிரா.

திருப்பணியின்போது மணல்வீச்சால் தூய்மை செய்யப்பட்டுச் சிற்ப நுட்பம் மழுங்கிய கோயில்களும் தமிழகத்தில் உண்டு. மழுங்கிய தூணின் முந்தைய வடிவைக் காட்டவல்லது முன்னரே எடுத்த படமே. திருப்பணிக்கு முன் மண்டபம் முழுவதும் பதிவாகியிருந்தால், எந்தத் தூணில் எது இருந்தது, எதற்கு அருகே எது நின்றது என்பனவற்றை அகல்காட்சிப் படம் ஒருசேரக் காட்டும்.

கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டுசெல்வதைத் தடைசெய்யுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022ஆம் ஆண்டில் ஆணையிட்டது. எனவே இத்தகைய பதிவுகளை உரிய இசைவு பெற்று, வழிபடுவோருக்கு இடையூறின்றி, செயற்கை மின்னொளி வீச்சைத் தவிர்த்துச் செய்தல் வேண்டும். இக்கலையில் பயிற்சிபெற விரும்பும் மாணவர், தம் பள்ளியின் நூலகத்திலோ ஊரின் சமுதாயக் கூடத்திலோ தொடங்கலாம். சன்னலொளியும் விளக்கொளியும் அங்கும் கலந்தே இருக்கும்.