சொந்தச் செலவில் ஒரு நூல்

‘கைப்பொருளைச் செலவிட்டு நூல் அச்சிட்டது எதற்காக? புகழுக்கா, பொருளுக்கா?’ என்று பலர் என்னை வினவியதுண்டு. என் விடையைக் கூறுமுன் அமெரிக்கக் கவிஞர் ஒருவரைக் காண்போம்.

வால்ட் விட்மன் 1855 ஆம் ஆண்டில் புரூக்ளினில் ‘புல்லின் இதழ்கள்’ என்னும் நூலைத் தம் செலவிலேயே வெளியிட்டார். இளமையில் அச்சுத்தொழில் பயின்றவராதலின், சில பக்கங்களுக்குத் தாமே எழுத்துக் கோத்தார். பாடல்கள் 12, படிகள் ஏறத்தாழ 800. முகப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயரே இல்லை. புகழொன்றையே நாடியவர் அவ்வாறு செய்வாரா? (எனினும், அந்நூலைப் பாராட்டிப் பெயரின்றி மதிப்புரை எழுதியவரும் அவரே! மனித உள்ளம் அத்தகையது.) விற்பனை மிகக் குறைவு. ஆயினும் அடுத்த ஆண்டே புதிய பாடல்களைச் சேர்த்து மீண்டும் அச்சிட்டார். 1892 இல் மறையும்வரை அந்நூலைத் திருத்தியும் பெருக்கியும் வந்தார். தச்சரும் படகோட்டியும் உழவரும் கவிதையில் இடம்பெற வேண்டும் என்பது அவர் வேட்கை. பிறர் செய்வர் என்று அவர் காத்திருக்கவில்லை.

என் காரணம் மிகச் சிறியது, கூறவும் நாணுகின்றேன். ஏரிப் பாசனம் பற்றிய வினாவிற்கு ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், ‘மிகுநீர் கலிங்கு வழியே வெளியேறும், நீர்க்கட்டி முறை வைத்துப் பாய்ச்சுவார்’ என்று எழுதினான். பாடநூலில் இல்லாத சொற்கள் என்று சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அவன் வாதிடவில்லை. அவன் தந்தையே அவ்வூர் நீர்க்கட்டி என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அச்சிவப்புக் கோடு பல்லாண்டுகள் என்னை உறுத்திற்று. ஓய்வு பெற்றபின் மூன்று ஆண்டுகள் ஏரிக்கரை முதியவர்களை நாடிச் சென்று, அவர்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்தேன். பதிப்பாளர் ஒருவர் ‘விலைபோகாது’ என்றார். அவர் கணக்கில் பிழையில்லை. பணிக்கொடையில் ஒரு பகுதியை எடுத்து 300 படிகள் அச்சிட்டேன். அட்டையில் என் பெயரைக் கண்டு மகிழ்ந்ததை மறைக்கமாட்டேன். ஆயினும் அம்மகிழ்ச்சிக்காக மட்டும் ஒருவன் மூன்று ஆண்டுகள் வெயிலில் அலையமாட்டான்.

பள்ளி நூலகங்களுக்கு அளித்தவை போக, 140 படிகள் எங்கள் வீட்டுப் பரணில் உள்ளன. முதற்படியை அம்மாணவருக்கே அனுப்பினேன். வெளியூரில் பணிபுரியும் அவரிடமிருந்து மடல் வந்தது: ‘ஐயா, அறுவடையின்போது களத்தில் நீர்க்கட்டிக்கு அளக்கும் நெல்லைப் பற்றி எழுத மறந்துவிட்டீர்கள்.’

உண்மைதான். அடுத்த பதிப்பிற்குத் தாள் விலை கேட்டு அச்சகத்திற்கு எழுதியிருக்கின்றேன்.