வேருக்கும் காற்று வேண்டும்

நெல் நீரிலேயே வாழும் பயிர் என்பது நம்மிடையே ஆழப் பதிந்துவிட்ட எண்ணம். வரப்பு மட்டத்திற்கு நீர் நின்றால்தான் உழவர் மனம் அமைதி பெறுகிறது. உண்மையில் நெல் நீரைத் தாங்கிக்கொள்ளும் பயிரேயன்றி நீர்த்தாவரம் அன்று. அதன் வேருக்கும் காற்று வேண்டும். ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் உத்திரமேரூர் வட்டாரத்து அங்கத்தினர்கள் இதனை நன்கு அறிந்துகொள்வது அவசியம்.

மண்துகள்களுக்கு இடையே நுண்ணிய துளைகள் உண்டு. நெசவாளர் பாவுக்குக் கஞ்சியிட்டபின் இழைகள் ஒட்டாதவாறு பிரித்துவிடுவர். ஒட்டிய இழைகளுக்கிடையே நாடா ஓடாது. மண்ணின் நிலையும் அத்தகையதே. துளைகள் அடைபட்டால் காற்று உலவாது. பிராணவாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆகையால் நீர் தேங்கிய சேற்றில் அது விரைவில் தீர்ந்துவிடுகிறது.

நெற்பயிர் தன் தண்டிலுள்ள காற்றறைகளின் வழியே வேருக்கு ஓரளவு காற்றை அனுப்பிக்கொள்கிறது. ஆயினும் காற்றற்ற சேற்றில் தழைகள் அழுகும்போது, அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சுவாயு தோன்றி வேரைக் கருக்குகிறது. ஒரு தூரைப் பிடுங்கிப் பார்த்தால் நிலைமை விளங்கும். வேர் வெண்மையாகவோ செம்பழுப்பாகவோ இருப்பின் நலம். கருத்து நாற்றமடிப்பின் வேர் மூச்சுத் திணறுகிறது என்று கொள்ளலாம்.

இதற்குப் பரிகாரம் உண்டு. மடகாஸ்கர் தீவில் 1980-களில் ஹென்றி டி லோலானியே என்னும் பாதிரியார் உழவர்களோடு சேர்ந்து கண்ட முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டில் ஆராயத் தொடங்கியது. இன்று அது திருந்திய நெல் சாகுபடி எனப்படுகிறது. அதன் முக்கிய அம்சங்கள் வருமாறு:

1. 14 நாள் வயதுடைய இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 22.5 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடுதல்.

2. நட்ட 10-ஆம் நாள் முதல் 40-ஆம் நாள் வரை, 10 நாட்களுக்கு ஒரு முறை, கோனோவீடர் என்னும் உருளும் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்கும் தள்ளுதல். களை சேற்றில் அமுங்கி உரமாகிறது; மண் கிளறப்பட்டுக் காற்றோட்டம் பெறுகிறது.

3. கதிர் உருவாகும் பருவம் வரை, மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்புக் கண்டபின் 2.5 செ.மீ. உயரத்திற்கு மட்டும் நீர் பாய்ச்சுதல்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வெடிப்புப் பெரிதாக விடலாகாது; விட்டால் பாய்ச்சும் நீர் அதன் வழியே வீணாகும். பூக்கும் பருவத்தில் வயலைக் காய விடவே கூடாது, பதர் மிகும். மேலும் கருவி சற்றுக் கனமானது. ஆழ்ந்த சேற்றில் ஒருவரே நெடுநேரம் தள்ளுவது கடினம். இருவர் மாறி மாறித் தள்ளுதல் நன்று.

இம்முறையை ஒருவர் மட்டும் தனித்துக் கைக்கொள்வது எளிதன்று. ஏரி ஆயக்கட்டில் நீர் பெரும்பாலும் வயலிலிருந்து வயலுக்கு வழிந்து செல்கிறது. மேல்மடைக்காரர் நீரைத் தேக்கினால் கீழ்வயல்காரர் தம் நிலத்தை உலர்த்த இயலாது. மேல்மடைக்காரர் வேண்டிய அளவோடு நிறுத்தினாலோ, அவர் வேருக்குக் காற்றும் கடைமடைக்கு நீரும் ஒருங்கே கிடைக்கின்றன. ஒருவருடைய சிக்கனம் மற்றவருடைய விளைச்சலாவது இங்கேதான்.

ஆகவே ஒரே கால்வாயில் பாசனம் பெறும் அங்கத்தினர்கள் கூடி, நீர்க்கட்டியையும் கலந்து, முறைப் பாய்ச்சலுக்கு நாள் குறிக்க வேண்டும். களைக்கருவிகளைச் சங்கத்தின் வாயிலாகப் பொதுவில் வாங்கி வாடகைக்கு விடலாம். முதலில் நவரைப் பட்டத்தில் ஆளுக்குக் கால் ஏக்கரில் செய்து பார்த்து, விதை, நீர், கூலி, மகசூல் ஆகியவற்றைக் குறித்து வைத்தால் லாபநஷ்டம் தெளிவாகும்.

கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியத்திற்குக் குடவோலை வழியே ஆட்களைத் தெரிந்தெடுத்த விதிகளைக் கூறுகின்றன. ஏரியைப் பொதுச்சொத்தாகப் போற்றிய அவ்வூர் மண்ணில், அளவறிந்து நீர் பாய்ச்சும் ஒற்றுமை அரிதாகாது என்று நம்புகிறோம்.