ஒரு நாற்காலி, ஐந்து பேர்: அனுபவ குவார்ட்டர்பேக்குகளை என்எஃப்எல் அணிகள் மொத்தமாக வாங்குவது ஏன்?

ஒரு ஆபீஸில் மேனேஜர் வேலை ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு ஐந்து பேரை எடுத்து, ஐந்து பேருக்கும் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தால் என்ன நினைப்போம்? 'இந்தக் கம்பெனிக்கு என்னதான் ஆச்சு?' என்றுதானே கேட்போம்.

2025-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியைப் பார்த்து ரசிகர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். அந்த அணியில் ஏற்கெனவே டெஷான் வாட்சன் இருந்தார். மார்ச்சில் கென்னி பிக்கெட்டை இன்னொரு அணியிடமிருந்து வாங்கினார்கள். ஏப்ரலில் 40 வயது ஜோ ஃப்ளாக்கோவை ஒப்பந்தம் செய்தார்கள். அதே மாதக் கடைசியில் நடந்த டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களைத் தேர்வு செய்யும் நிகழ்வில், டில்லன் கேப்ரியல், ஷெடூர் சாண்டர்ஸ் என்ற இரண்டு இளைஞர்களையும் எடுத்தார்கள்.

மொத்தம் ஐந்து பேர். மைதானத்தில் இருப்பதோ ஒரே ஒரு இடம். இது குழப்பமா, கணக்கா? இரண்டும் கலந்த கதை இது.

முதலில், குவார்ட்டர்பேக் என்றால் யார்?

இது மெஸ்ஸி ஆடும் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். ஒரு பக்கத்துக்கு 11 பேர். தாக்குதல் ஆடும் அணியில் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் போய்ச் சேருவது குவார்ட்டர்பேக் கைக்குத்தான். யாருக்கு வீசுவது, யாரிடம் கொடுப்பது, தானே ஓடுவதா என்பதை எதிரணி பாய்ந்து வந்து தள்ளுவதற்குள் சில விநாடிகளில் அவர் முடிவு செய்ய வேண்டும்.

கிரிக்கெட்டில் ஒரு பவுலர் சரியில்லையென்றால் அடுத்த ஓவரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். இங்கே அப்படி மாற்றி மாற்றி ஆட வைப்பது அபூர்வம். ஒருவர் ஆடினால் மற்றவர்கள் ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். அதனால் இந்த இடத்தில் நல்ல ஆள் இல்லாத அணிக்கு மற்ற 10 பேர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் கஷ்டம்தான்.

காரணம் 1: பயம்

2020 நவம்பர் 29. டென்வர் பிரான்கோஸ் அணியின் ஒரு குவார்ட்டர்பேக்குக்கு கொரோனா தொற்று. அவருடன் நெருக்கமாக இருந்த மற்ற குவார்ட்டர்பேக்குகளுக்கும் ஆடத் தடை. அன்றைய ஆட்டத்துக்கு அணியிடம் ஒருவர்கூட இல்லை!

கடைசியில் கெண்டல் ஹின்டன் என்ற வீரரை இறக்கினார்கள். அவர் பந்தைப் பிடிக்கும் இடத்தில் ஆடுபவர், அதுவும் பயிற்சிக் குழுவில் இருந்தவர். கல்லூரிக் காலத்தில் குவார்ட்டர்பேக்காக ஆடிய அனுபவம் மட்டும் இருந்தது. 9 முறை பந்து வீசினார், ஒன்றுதான் தன் அணி வீரர் கைக்குப் போனது. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிடம் 31-3 என்று தோல்வி.

'அது கொரோனா காலம், விடுங்க' என்று சொல்லலாம். ஆனால் 2023 ஜனவரி 29 அன்று நடந்தது அதைவிடக் கொடுமை. சூப்பர் பவுல் இறுதிப் போட்டிக்கு ஒரு படி முன்னால் இருந்தது சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பிராக் பர்டிக்கு முழங்கையில் காயம். மாற்றாக வந்த ஜோஷ் ஜான்சனுக்குத் தலையில் அடி. வேறு வழியில்லாமல், பந்தைத் தூரமாக வீசவே முடியாத பர்டி மறுபடியும் உள்ளே வந்தார். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 31-7 என்று ஜெயித்தது. ஒரு வருட உழைப்பு ஒரே மாலையில் காலி.

அந்த ஆட்டத்தின் பாதிப்பு லீக் விதியையே மாற்றியது. இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் ஆட முடியாமல் போனால், மூன்றாவது ஆளை அவசரத்துக்கு இறக்கலாம் என்ற விதி 2023-ல் திரும்ப வந்தது. நைனர்ஸும் பாடம் கற்றுக்கொண்டது. அடுத்த சில மாதங்களிலேயே சாம் டார்னால்ட், பிராண்டன் ஆலன் என்ற இரண்டு அனுபவசாலிகளை அணியில் சேர்த்தது.

கிளீவ்லேண்டுக்கும் இதே பயம்தான். 2024 அக்டோபரில் வாட்சனின் குதிகால் தசைநார் கிழிந்தது. சிகிச்சைக்குப் பிறகு, 2025 ஜனவரியில் அதே இடம் மறுபடியும் கிழிந்தது. அவர் எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை.

காரணம் 2: பணம்

ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் செலவு வரம்பு இருப்பது நமக்குத் தெரியும். என்எஃப்எல்லிலும் அப்படி ஒரு சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-ல் அது ஒரு அணிக்கு 27.92 கோடி டாலர். 53 பேர் கொண்ட அணிக்கு இதற்குள் சம்பளம் கொடுக்க வேண்டும்.

இதில் கிளீவ்லேண்ட் ஏற்கெனவே வசமாக மாட்டியிருந்தது. 2022-ல் வாட்சனுக்கு 5 ஆண்டுகளுக்கு 23 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். அவ்வளவும் உத்தரவாதத் தொகை. அவர் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அணியின் கணக்கில் அந்தச் சுமை இருந்தே தீரும். அவரை வாங்குவதற்காக டிராஃப்டின் 3 முதல் சுற்று வாய்ப்புகளையும் விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

அப்படியென்றால் இன்னொரு பெரிய ஸ்டாரை வாங்கப் பணம் எங்கே இருக்கும்? அதனால்தான் விலை குறைந்த இரண்டு பேர். ஃப்ளாக்கோவுக்குக் கொடுத்தது ஓராண்டு ஒப்பந்தம், எல்லா இலக்குகளையும் தொட்டால்கூட அதிகபட்சம் 1.3 கோடி டாலர். ஒரு பெரிய வீடு வாங்க முடியாதவர், வாடகைக்கு இரண்டு வீடு பார்த்து வைப்பது மாதிரி.

சில நேரம் லாட்டரியே அடிக்கும். 2024-ல் டென்வர் அணி ரஸ்ஸல் வில்சனை நீக்கியது. ஆனால் ஒப்பந்தப்படி அவருக்கு அந்த வருடம் 3.9 கோடி டாலர் கிடைத்தாக வேண்டும். வேறு அணி எவ்வளவு கொடுக்கிறதோ, அது போக மீதியை டென்வர் கட்ட வேண்டும். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் வெறும் 12.1 லட்சம் டாலர், அதாவது மூத்த வீரர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொடுத்து அவரை எடுத்துக்கொண்டது. மீதி முழுக்க டென்வர் தலையில். அதே மாதம் ஜஸ்டின் ஃபீல்ட்ஸையும் சிகாகோ பேர்ஸ் அணியிடமிருந்து மலிவாக வாங்கியது. ஒரு ஸ்டாரின் சம்பளத்தில் சிறு பங்குகூட இல்லை, இரண்டு பேர் கையில்!

காரணம் 3: இளைஞனுக்கு நேரம்

கல்லூரியிலிருந்து வரும் பையனை முதல் வாரமே களத்தில் இறக்கினால் அடி வாங்கி நம்பிக்கையை இழந்துவிடலாம். அவன் தயாராகும்வரை வண்டியை ஓட்ட ஓர் ஆள் வேண்டும். இப்படிப்பட்டவரை அங்கே 'பிரிட்ஜ் குவார்ட்டர்பேக்' என்கிறார்கள். பாலம் போடும் வேலை.

நியூயார்க் ஜயன்ட்ஸ் இதற்குச் சரியான உதாரணம். 2024-ல் 17 ஆட்டங்களில் 3 மட்டுமே ஜெயித்த அணி. 2025 மார்ச்சில் ஒரே வாரத்துக்குள் ஜேமிஸ் வின்ஸ்டன், ரஸ்ஸல் வில்சன் என இரண்டு மூத்தவர்களை எடுத்தது. அடுத்த மாதமே டிராஃப்டின் முதல் சுற்றில் ஜாக்ஸன் டார்ட்டைத் தேர்வு செய்தது.

திட்டப்படி வில்சன் ஆடத் தொடங்கினார். முதல் 3 ஆட்டமும் தோல்வி. உடனே டார்ட் கைக்குப் பந்து போனது, அவர் ஆடிய முதல் ஆட்டத்திலேயே அணி ஜெயித்தது. நவம்பரில் டார்ட் தலையில் அடிபட்டு உட்கார, வின்ஸ்டன் உள்ளே வந்தார். ஒரே சீசனில் மூவருக்கும் வேலை வந்தது. 'எதுக்கு மூணு பேரு?' என்று மார்ச்சில் கேட்டவர்களுக்கு நவம்பரில் பதில் கிடைத்தது.

காரணம் 4: கையிருப்பும் ஒரு சொத்துதான்

இதைப் பலர் கவனிப்பதில்லை. சீசன் தொடங்கினால் யாராவது ஓர் அணியின் குவார்ட்டர்பேக் காயமடைவது வழக்கம். அப்போது வெளியே நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். கையில் கூடுதலாக ஒருவரை வைத்திருக்கும் அணிக்கு அதுதான் வியாபார நேரம்.

2025 ஆகஸ்ட்டில் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணியின் மாற்று குவார்ட்டர்பேக்குக்கு மணிக்கட்டு உடைந்தது. கிளீவ்லேண்ட் உடனே பிக்கெட்டை அங்கே அனுப்பி, ஐந்தாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பு ஒன்றைப் பெற்றது. பிக்கெட் கிளீவ்லேண்டுக்காக ஒரு சீசன் ஆட்டம்கூட ஆடவில்லை.

அடுத்தது ஃப்ளாக்கோ. முதல் 4 ஆட்டங்களில் ஒரு வெற்றி, 3 தோல்வி. ஐந்தாவது வாரம் லண்டனில் நடந்த ஆட்டத்தில் கேப்ரியல் ஆடினார், ஃப்ளாக்கோ பெஞ்சில். அதே சமயம் அண்டை அணியான சின்சினாட்டி பெங்கால்ஸில் ஜோ பர்ரோ கால்விரல் காயத்தால் வெளியே. அக்டோபர் 7 அன்று ஃப்ளாக்கோ அங்கே மாற்றப்பட்டார். ஐந்தே நாளில் புது அணிக்காகக் களமிறங்கினார். அடுத்த ஆட்டத்தில், 41 வயது ஆரன் ராட்ஜர்ஸ் ஆடிய பிட்ஸ்பர்க்கை 33-31 என்று வீழ்த்தினார். புது அணியின் ஆட்டத் திட்டத்தை ஒரு வாரத்துக்குள் மூளையில் ஏற்றிக்கொள்ள ஓர் இளைஞனால் முடியுமா? அனுபவத்துக்கு அணிகள் பணம் கொடுப்பது இதற்காகத்தான்.

சரி, இதில் நஷ்டமே இல்லையா?

இருக்கிறது. பணத்தைவிடப் பெரிய நஷ்டம், பயிற்சி நேரம்.

பயிற்சியில் முதல் அணி வீரர்களோடு பந்து வீசும் வாய்ப்புகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஒருவர் ஓடும்போது எத்தனையாவது அடியில் திரும்புவார், பந்தை எந்த உயரத்தில் விரும்புவார் என்பதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்தால்தான் கைக்கு வரும். அந்த வாய்ப்பை நான்கு பேருக்குப் பங்கு போட்டால் நால்வருமே அரைகுறை. 'இரண்டு குவார்ட்டர்பேக் இருந்தால் ஒருவரும் இல்லை என்று அர்த்தம்' என்று அமெரிக்காவில் ஒரு பேச்சு உண்டு. அது சும்மா வந்ததில்லை.

இதில் அதிகம் அடிபடுவது கடைசி வரிசையில் நிற்கும் பையன்தான். மூத்தவர்களுக்கு நேரம் கொடுத்தால் அவன் கற்றுக்கொள்ள முடியாது. அவனுக்கு நேரம் கொடுத்தால் மூத்தவரை வாங்கியதற்கு அர்த்தமில்லை.

முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. 2024 பிட்ஸ்பர்க்கில் ஃபீல்ட்ஸ் முதல் 6 ஆட்டங்கள் ஆடினார், பிறகு வில்சன். அணி 10 ஆட்டங்கள் ஜெயித்து பிளேஆஃப் போனாலும் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அடுத்த மார்ச்சில் இருவருமே கிளம்பிவிட்டார்கள். அணி மறுபடியும் பழைய இடத்திலேயே.

அப்புறம் ஏன் வீரர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்?

நிரந்தரம் இல்லை என்று தெரிந்தே கையெழுத்துப் போடுகிறார்கள். காரணம், அந்த ஒரு வாய்ப்பு. நைனர்ஸில் பர்டிக்குப் பின்னால் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த டார்னால்ட், 2024-ல் மின்னசோட்டா வைக்கிங்ஸுக்குப் போனார். அங்கே முதல் ஆளாக நினைத்திருந்த இளைஞருக்கு முழங்காலில் காயம். டார்னால்ட் ஆடினார். 17-ல் 14 வெற்றி. 2025 மார்ச்சில் சியாட்டில் சீஹாக்ஸ் அவருக்கு 3 ஆண்டுகளுக்கு 10.05 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. ஃப்ளாக்கோவும் அப்படித்தான். 2023 நவம்பரில் எந்த அணியிலும் இல்லாமல் வீட்டில் இருந்தவரைக் கூப்பிட்டது இதே கிளீவ்லேண்ட். 5 ஆட்டங்களில் 4 வெற்றி தந்து அணியை பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார்.

எனவே அடுத்த முறை 'மூன்றாவது குவார்ட்டர்பேக்கையும் வாங்கியது' என்று செய்தி வந்தால், சிரிப்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். யாருக்கு உத்தரவாதத் தொகை அதிகம்? பயிற்சியில் முதல் அணியோடு யார் நிற்கிறார்? அணி டிராஃப்டில் ஓர் இளைஞனை எடுத்திருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் யார் பாலம், யார் காப்பீடு, யார் எதிர்காலம் என்பது புரிந்துவிடும்.

கிளீவ்லேண்டின் கதை எங்கே போனது? அக்டோபர் இரண்டாவது வாரத்தில் வாட்சன் காயத்தோடு வெளியே. பிக்கெட், ஃப்ளாக்கோ இருவருமே வேறு ஊரில். மிச்சம் இருந்தது இரண்டு இளைஞர்கள். நவம்பர் 16 அன்று கேப்ரியலுக்கும் தலையில் அடிபட்டது. ஐந்து பேர் வரிசையில் கடைசியாக டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில் வந்து சேர்ந்த சாண்டர்ஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெய்டர்ஸுக்கு எதிரான ஆட்டத்தை அவர்தான் தொடங்கினார். கிளீவ்லேண்ட் ஜெயித்தது. எதிரணி பெஞ்சில் இருந்தவர், அதே வரிசையில் ஆகஸ்ட் வரை நின்றிருந்த கென்னி பிக்கெட்.