கம்பளியை அரிக்கும் அந்து

வாசலூர்பட்டி முதலிய கொல்லிமலைக் கிராமங்களில் கம்பளி ஆடம்பரப் பொருளன்று. சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் மார்கழி, தை மாதத்து இரவுகளைக் கழிக்க அது இன்றியமையாதது. பனி நீங்கியதும் மடித்துப் பெட்டியில் வைத்த கம்பளியை அடுத்த ஐப்பசியில் எடுத்து உதறினால், சல்லடைக் கண்களாய்த் துளைகள் தெரிகின்றன. உடனே விளக்கைச் சுற்றும் பூச்சிகளையும் குதிரிலிருந்து எழும் பூச்சிகளையும் அடித்துக் கொல்லுகிறோம். இது வீண் வேலை.

நெல்லில் விழும் அந்து வேறு, கம்பளியில் விழும் அந்து வேறு. முன்னதன் புழு தானியத்துக்குள் இருந்து மாவைத் தின்பது. அது கம்பளியைத் தொடாது. கம்பளி அந்து வெளிச்சத்துக்கு அஞ்சி இருட்டில் ஒதுங்குவது. கால் அங்குலமே நீளமுள்ள இப்பூச்சிக்கு உண்ணத்தக்க வாயே கிடையாது. சில நாள் வாழ்ந்து, முட்டையிட்டு மடிகிறது. பெட்டை பெரும்பாலும் மடிப்புகளுக்குள் ஓடி ஒளிவதால், நாம் பறக்கக் கண்டு அடிப்பவை பெரும்பாலும் ஆண்களே. முட்டைகளோ முன்னமே கம்பளிக்குள் இருக்கும்.

சேதம் செய்வது முட்டையிலிருந்து வரும் வெண்ணிறப் புழு. உரோமம், இறகு, நகம், கொம்பு யாவும் கெரட்டின் என்னும் ஒரே வகைப் புரதத்தாலானவை. இதன் அணுக்கள் கந்தகப் பிணைப்பால் இறுகியிருப்பதால் மனிதருக்கும் பெரும்பாலான பிராணிகளுக்கும் இது ஜீரணமாகாது. இப்புழுவின் குடலிலுள்ள கடுமையான காரநீர் அப்பிணைப்பை அறுத்துவிடுகிறது. பறவைக் கூட்டிலும் எலி வளையிலும் உதிர்ந்த உரோமத்தைத் தின்று வாழ்ந்த பிராணிக்கு நமது கம்பளியும் அதே உணவுதான். பருத்தி வேட்டியில் இச்சத்து இல்லை. அழுக்கேறியிருந்தாலொழிய அதற்குப் பயமில்லை.

ஆனால் சுத்தமான உரோமம் மட்டும் தின்று புழு நன்கு வளர்வதில்லை. வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, சிந்திய கஞ்சி ஆகியவற்றிலுள்ள உப்பும் சத்தும் அதற்கு வேண்டும். கழுத்தும் தலையும் படும் ஓரமே முதலில் அரிக்கப்படுவதைக் கவனித்திருப்பீர்கள். ஆகையால் உடுத்த கம்பளியைத் துவைக்காமல் மடித்து வைப்பது புழுவுக்குப் பந்தி விரிப்பதற்கு ஒப்பாகும். மலைக்குளிர் புழுவைக் கொல்லும் என்றும் நம்பவேண்டாம். குளிரில் அது மெதுவாக வளரும், அவ்வளவே. சில சமயம் ஓராண்டுக்கு மேலும் புழுவாகவே கிடக்கும்.

வெதுவெதுப்பான நீரில் பூந்திக்கொட்டை நுரையிட்டு அலசுக. கொதிநீரில் கம்பளி சுருங்கிவிடும். நன்றாய் வெயில் காயும் நாளில் விரித்து, இரு புறமும் தூரிகையால் தேய்த்து உதறுக. மடிப்பில் ஒட்டிய முட்டைகள் உதிர்ந்துவிடும். முற்றும் உலர்ந்தபின் இடுக்கில்லாத பெட்டியில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும். பெட்டியினருகில் கோழியிறகு குவிய விடலாகாது. வேப்பிலையும் வசம்பும் வைப்பதில் தவறில்லை. ஆயினும் உள்ளே இருக்கும் புழுவை அவை கொல்லுமென்று இருந்துவிடலாகாது. அந்துருண்டையின் ஆவி இறுக மூடிய பெட்டியில்தான் பயன் தரும். அதைக் குழந்தைகள் மிட்டாயென்று வாயிலிட்டால் இரத்தம் கெட்டு உயிருக்கே அபாயம் நேரும். கைக்கெட்டாத இடத்தில் வைக்கவும்.