கனத்த வண்டிக்குத் தாழ்ந்த ஸ்டாண்டு

சைக்கிள் பஞ்சர் என்றால் வீட்டில் முதலில் செய்வது அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பதுதான். சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் ஊன்ற, சக்கரம் இரண்டும் மேலே சுழலும். அம்பத்தூர் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஆலையிலிருந்து வந்த பிஎஸ்ஏ, ஹெர்குலிஸ் சைக்கிள்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் சரி செய்யப்பட்டன. அவற்றின் ஹேண்டில்பாரில் மணியைத் தவிர உடைவதற்கு ஒன்றும் இல்லை.

மின்சார சைக்கிளின் ஹேண்டில்பாரில் நிறைய இருக்கிறது. வேகம் காட்டும் திரை, ஆக்சிலரேட்டர் பிடி, பிரேக்கைப் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச், அத்தனைக்கும் ஒயர். கவிழ்த்தால் மொத்த எடையும் இவற்றின் மேல் இறங்கும். அந்த எடையும் சின்னதில்லை. மின்சார சைக்கிள்கள் பெரும்பாலும் 20 முதல் 30 கிலோ வரை இருக்கின்றன. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை என்று சொல்லும் இந்திய மோட்டார் வாகன விதி, அப்படிப்பட்ட வண்டிக்குப் பேட்டரி நீங்கலாக 60 கிலோ வரை இடம் கொடுக்கிறது. ஸ்கூட்டரின் கணக்கு வேறு. 2020-இல் வந்த டிவிஎஸ் ஐக்யூப் 118 கிலோ. அதைக் கவிழ்ப்பது பற்றிப் பேச்சே இல்லை.

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கும் வளவனூர் போன்ற ஊரில் இது அன்றாடச் சிக்கல். பக்கத்து ஆரோவில்லில் மின்சார சைக்கிள்கள் ஓடுகின்றன. ஓசூரில் செய்த ஸ்கூட்டர்கள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உள்ள வண்டிக்குப் பின்டயர் பஞ்சரானால், மோட்டார் ஒயரைப் பார்த்ததும் சில கடைகளில் கை வைக்கத் தயங்குவார்கள். விழுப்புரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகவும் முடியாது. வீட்டிலேயே பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்த ஒரு ஸ்டாண்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது. எந்த ஸ்டாண்டு என்பதுதான் கேள்வி. கடையில் கேட்டால் “எத்தனை கிலோ தாங்கும்?” என்ற ஒரு எண்ணோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த எண் பாதிக் கதைதான். எடை எவ்வளவு என்பதோடு, அது எங்கே இறங்குகிறது, வேலை நடக்க நடக்க எங்கே நகர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுப் பாணி சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துக்கொள்வோம். நெட்டையான ஒரு கம்பம், அதன் உச்சியில் பிடிப்பான். சீட்டுக் குழாயைக் கவ்வி, சைக்கிளை அந்தரத்தில் நிறுத்தும். நின்றுகொண்டு வேலை செய்பவருக்காக வடிவமைத்தது. 12 கிலோ சைக்கிளுக்கு அருமையான கருவி. 25 கிலோ மின்சார சைக்கிளை அதில் ஏற்றும்போது முதல் அடி முதுகுக்கு விழுகிறது. 25 கிலோவை உடம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் பிடித்துத் தூக்கினால், இடுப்பைச் சுற்றி ஏறத்தாழ 120 நியூட்டன்-மீட்டர் திருப்புத்திறன் உண்டாகிறது. இதை எதிர்த்து இழுப்பவை முதுகெலும்பை ஒட்டிய தசைகள். அவற்றுக்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளம் 5 சென்டிமீட்டர் அளவுதான். ஆகவே அந்தத் தசைகள் சுமார் 2,400 நியூட்டன் விசையோடு இழுத்தாக வேண்டும். அது ஏறத்தாழ 250 கிலோவைத் தொங்கவிடுவதற்குச் சமம். கையில் இருப்பது 25 கிலோ, முதுகுக்குள் நடப்பது அதைப் போலப் பத்து மடங்கு.

ஏற்றியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். சக்கர மோட்டாரின் அச்சு நட்டு சாதாரண சைக்கிள் நட்டைப் போலக் கையளவு முறுக்கில் நிற்பதில்லை. மோட்டார் சுழலும்போது அச்சு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க 40 நியூட்டன்-மீட்டர் அளவுக்கு இறுக்கியிருப்பார்கள். 25 சென்டிமீட்டர் ஸ்பேனரால் அதைக் கழற்ற, கையால் 160 நியூட்டன், அதாவது 16 கிலோ அளவு விசை கொடுக்க வேண்டும். ஸ்பேனர் செங்குத்தாக நிற்க, ஒரு மீட்டர் உயரத்தில் அந்த விசையைக் கிடைமட்டமாகத் தள்ளினால் ஸ்டாண்டைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறன் 160 நியூட்டன்-மீட்டர். எதிர்த்து நிற்பது எது? சைக்கிள் 25 கிலோ, ஸ்டாண்டு 10 கிலோ. இந்த 35 கிலோவின் எடை, காலின் விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் உள்ளே இறங்கினால், சுமார் 103 நியூட்டன்-மீட்டர். ஸ்டாண்டு சாய்ந்துவிடும். 40 கிலோ தாங்கும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் சாயும். பிடிப்பான் உடையாது, குழாய் வளையாது, மொத்தமாகப் படுத்துவிடும்.

நட்டை முதலில் தரையிலேயே இளக்கிவிட்டு அப்புறம் தூக்குவது இதற்கு ஒரு தீர்வு. ஸ்பேனரைப் படுக்கையாக மாட்டி, கையைக் கீழ்நோக்கி அழுத்துவது இன்னொன்று. அப்போது விசை பக்கவாட்டில் தள்ளாமல் கீழ்நோக்கி இறங்குவதால், ஸ்டாண்டைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் வெகுவாகக் குறைகிறது. ஆனால் என் கருத்தில் நேரான தீர்வு, அவ்வளவு உயரத்துக்குப் போகாமலே இருப்பது.

பஞ்சர் ஒட்ட, செயின் போட, பிரேக் கட்டையை மாற்ற, பின்சக்கரம் தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் எழும்பினாலே போதும். மீதி உயரம் நம் இடுப்பு வளையாமல் இருப்பதற்காக மட்டுமே. நம் ஊர் மெக்கானிக் நின்று வேலை செய்வதில்லை. மணையையோ தாழ்ந்த ஸ்டூலையோ போட்டு, வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறார். அவருடைய கண்ணும் கையும் அச்சின் உயரத்திலேயே இருக்கின்றன. மாட்டு வண்டிக்கு மை போட்டவர்களும் அப்படித்தான். இருசுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை உருவி மை தடவினார்கள். சக்கரம் தரையை விட்டு விடுபடும் அளவுக்குத்தான் வண்டி உயர்ந்தது. கனமான மின்சார வண்டிக்கு இயற்பியல் கேட்பதும் இதைத்தான். பின் அச்சுக்கு இருபுறமும் சட்டத்தைத் தாங்கும் தாழ்ந்த ஸ்டாண்டில் முன்சக்கரம் தரையிலேயே இருக்கும். அதனால் தாங்கும் பரப்பு வண்டியின் நீளத்துக்கு நீண்டுவிடுகிறது. கவிழ்க்க வந்த அதே 16 கிலோத் தள்ளலுக்கு வண்டி சாயாது.

காலின் எண்ணிக்கையும் யோசிக்க வேண்டியது. மூன்று கால் எந்த மேடு பள்ளத்திலும் ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்கு கால் சமமில்லாத தரையில் தத்தளிக்கும். ஆனால் மூன்று காலுக்கு ஒரு பலவீனம் உண்டு. நடுவிலிருந்து கால் நுனி 40 சென்டிமீட்டர் என்றால், முக்கோணத்தின் பக்கம் நடுவிலிருந்து 20 சென்டிமீட்டரிலேயே வந்துவிடும். அதே 40 சென்டிமீட்டர் நீளக் கால் நான்கு இருந்தால், சதுரத்தின் பக்கம் 28 சென்டிமீட்டரில் இருக்கும். ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே இறங்கும் கோடு அந்தப் பக்கத்தைத் தாண்டிய நொடியில் வண்டி விழும். ஆகவே மண் வாசலுக்கு மூன்று கால், சிமென்ட் தரைக்கு நான்கு கால்.

ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றின் அடியிலேயே சென்டர் ஸ்டாண்டு இருக்கிறது, அது ஓர் அற்புதமான பொருள். கல்லூரிப் பெண் ஒருத்தி ஒரு காலை வைத்து மிதித்து 118 கிலோவைத் தூக்கி நிறுத்திவிடுகிறாள். ஸ்டாண்டின் கால் 25 சென்டிமீட்டர் நீளம், செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொண்டால், அது நிமிர்ந்து நிற்கும்போது வண்டி உயர்வது 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஸ்டாண்டின் மேல் 70 கிலோ இறங்கினால், செய்த வேலை சுமார் 23 ஜூல். இரண்டே கால் கிலோ அரிசியை ஒரு மீட்டர் தூக்கி வைக்கும் வேலைதான் அது. கால் செங்குத்து நிலையைச் சற்றே தாண்டிப் போய் நிற்பதால், வண்டியின் எடையே அதைப் பூட்டிவிடுகிறது. அதே ஸ்கூட்டரை முக்கால் மீட்டர் உயரப் பணிமேசைக்கு ஏற்ற 860 ஜூலுக்கு மேல் வேண்டும்.

இந்தப் பூட்டு ஒரு திசைக்கு மட்டும்தான். வண்டி முன்னோக்கி உருண்டால் சென்டர் ஸ்டாண்டு மடங்கிவிடும். மோட்டார் உள்ள பின்சக்கரத்தைக் கழற்றினால் பின்பக்க எடை குறைந்து, ஈர்ப்பு மையம் முன்னால் நகர்கிறது. கழன்று வராத அச்சைச் சுத்தியலால் தட்டும்போது வண்டியும் முன்னால் நகரப் பார்க்கும். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, முன்பிரேக் லீவரைப் பிடித்த நிலையில் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். வாசல் சரிவில் நிறுத்தினால் வண்டியின் முகம் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்திருந்தால் புவியீர்ப்பே ஸ்டாண்டை மடக்கிவிடும்.

முன்சக்கரத்தைக் கழற்ற ஜாக்கி தேவைப்படும். கார் டிக்கியில் கிடக்கும் திருகு ஜாக்கியே போதும். இரும்பும் இரும்பும் உரசும் திருகில், மரைகளின் சாய்வு உராய்வு தாங்கக்கூடிய கோணத்தைவிடக் குறைவு. எடை எவ்வளவு அழுத்தினாலும் திருகு தானாகப் பின்னோக்கிச் சுழலாது. ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதில் கெட்டி. ஆனால் உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் நம்மை அறியாமல் இறங்கும். எதை வைத்தாலும் தூக்கியபின் அடியில் மரக்கட்டை செருகாமல் கை விடக்கூடாது. ஜாக்கியை எங்கே ஊன்றுவது என்பது அதைவிட முக்கியம். ஏதர் 450 போன்ற ஸ்கூட்டர்களில் கால் வைக்கும் பலகைக்குக் கீழேதான் பேட்டரி. வண்டி நிதானமாக நிற்க அந்தத் தாழ்ந்த எடை உதவுகிறது. அங்கே ஜாக்கியை வைத்து அழுத்தினால் பேட்டரிப் பெட்டி நசுங்கி உள்ளே ஷார்ட் ஆகலாம். லித்தியம் பேட்டரியில் பிடிக்கும் தீயைத் தண்ணீர் ஊற்றி எளிதில் அணைத்துவிட முடியாது. பேட்டரிப் பெட்டியைத் தொடாத சட்டப் பகுதிதான் ஜாக்கிக்கு உரிய இடம்.

2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலில், திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி வெள்ளத்தில் முங்கிய வண்டியின் பிரேக்கையும் செயினையும் ஸ்டாண்டில் நிறுத்தி வீட்டிலேயே சுத்தம் செய்யலாம். பேட்டரியை மட்டும் வீட்டில் திறக்கவோ சார்ஜ் போடவோ கூடாது. அது சர்வீஸ் சென்டருக்கு உரியது. ஈரமண் வாசலில் ஸ்டாண்டை நேராக ஊன்றவும் கூடாது. 70 கிலோ எடை தலா மூன்று சதுர சென்டிமீட்டர் உள்ள இரண்டு கால் நுனிகளில் இறங்கினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 11 கிலோவுக்கு மேல் அழுத்தம். ஊறிய மண் அதைத் தாங்காது. அடியில் ஒரு பலகை போட்டால் அந்த எடை பல நூறு சதுர சென்டிமீட்டருக்குப் பரவிவிடும்.

எந்த ஸ்டாண்டானாலும் ஏற்றுவதற்கு முன் சாவியை எடுத்துவிட வேண்டும். சைக்கிளானால் பேட்டரியைக் கழற்றி வைத்தால் எடையும் இரண்டு மூன்று கிலோ குறையும். தரையைத் தொடாத சக்கரத்துக்குச் சுமை கிடையாது. தெரியாமல் ஆக்சிலரேட்டரில் கை பட்டால் ஒரு நொடியில் முழு வேகம் எடுக்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விரல் தப்பாது.

மின்சார சைக்கிள் ஸ்டாண்டை வளவனூரில் வெல்டிங் பட்டறையிலேயே சொல்லிச் செய்துகொள்ளலாம். பின் அச்சின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, அதற்கு மேல் 5 சென்டிமீட்டர் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கவாட்டு அகலம் 60 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம். சட்டத்தைத் தாங்கும் இரண்டு கொக்கிகளும் மோட்டார் ஒயர் வெளிவரும் பக்கத்தை நசுக்காதபடி விலகியிருக்கட்டும்; கொக்கிகளில் டியூப் ரப்பரைச் சுற்றச் சொல்லுங்கள். செய்து வந்ததும் வண்டியை ஏற்ற அவசரப்பட வேண்டாம். இரண்டு 25 கிலோ அரிசி மூட்டைகளை ஒரு கம்பியில் கட்டி, கம்பியைக் கொக்கிகளின் மேல் வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் பற்றவைத்த இடங்களில் விரிசல் இருக்கிறதா, கால்கள் விரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு நான்கு பக்கமும் கையால் தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கம் எளிதாகச் சாய்ந்தால், அந்தப் பக்கத்துக் காலை நீட்டச் சொல்லிப் பட்டறைக்கே திருப்பி அனுப்புங்கள்.